குடும்பத்தார் இல்லாத சீட்டு

கோவிலில் எல்லாரும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். நான் டீச்சர் இல்லை. புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் மருந்து அடைக்கிற கம்பெனி ஒன்றில் பாட்டில்களின் லேபிளைச் சரிபார்க்கிற வேலை எனக்கு. ஆனால் எங்கள் பங்குக் கோவிலில் பூசை நேரத்தில் மைக் முன்னால் நின்று வேத வாசகம் வாசிப்பது கான்வென்ட் டீச்சர்களின் வேலை என்று எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. நான் வாசித்தேன், அதனால் நானும் டீச்சர். முதல் இரண்டு தடவை திருத்தினேன். அப்புறம், போகட்டும், ஓசியில் கிடைத்த உத்தியோக உயர்வுதானே என்று விட்டுவிட்டேன். அதில் இருந்த வில்லங்கம் எனக்கு அப்போது தெரியவில்லை. டீச்சர் என்று ஒருத்தியைக் கூப்பிடப் பழகிவிட்டால் அதற்குப் பிறகு யாரும் அவள் பெயரைக் கேட்பதில்லை.

இது இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் நடந்தது. எனக்கு நாற்பத்து மூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் சுவாரசியமான காரணம் எதுவும் இல்லை. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார், கூடப் பிறந்தவர்கள் கிடையாது. அம்மா இருந்தவரை சண்டை போடுவதற்காவது வீட்டில் ஆள் இருந்தது. அம்மாவும் போன பிறகு பழைய வீட்டைக் காலி செய்துவிட்டு, கருவடிக்குப்பத்தில் ஒரு வீட்டு மாடியில் ஒற்றை அறைக்கு வந்தேன். விழுப்புரம் பக்கத்தில் சித்தப்பா பிள்ளைகள் இருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகை தபாலில் வரும்.

கம்பெனியில் மெஷின் சத்தம் காதைப் பிளக்கும். காதில் பஞ்சு அடைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். எதிரில் ட்யூப்லைட், அதன் முன்னால் ஒவ்வொன்றாக நகர்ந்து வருகிற பாட்டில். லேபிள் கோணலாக இருந்தால் எடுத்து ஒதுக்க வேண்டும். சூப்பர்வைசர் கையால் ஜாடை காட்டுவார், நாங்கள் தலையை ஆட்டுவோம். எட்டு மணி நேரத்தில் பேச்சு என்று ஒன்றும் கிடையாது. சாயங்காலம் சைக்கிளில் திரும்பி வந்து, ஒரு கட்டு கீரை, அரை லிட்டர் பால் என்று கடையில் கேட்டுவிட்டால் அன்றைய பேச்சு முடிந்தது. ஒரு நாள் வீட்டுக்கார அம்மா படியில் பார்த்து, தண்ணீர் வந்ததா என்று கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தால் குரல் தவளை மாதிரி வந்தது. யோசித்துப் பார்த்தேன். அந்த நாளில் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். ராத்திரி மணி ஏழு ஆகியிருந்தது.

விடிகாலை ஆறு மணிப் பூசைக்குப் போகத் தொடங்கியது அதற்குப் பிறகு. ஞாயிற்றுக்கிழமை என்றால் வாசகம் வாசிக்கப் போட்டி இருக்கும், பட்டுப்புடவை இருக்கும், யார் முதல் வாசகம், யார் இரண்டாவது என்று மனத்தாங்கலும் இருக்கும். வார நாளில் ஆறு மணிக்கு யார் வருவார்கள்? நாற்பது பேர் இருந்தால் அதிகம். ஒரு நாள் வாசிக்க வேண்டிய டீச்சர் வரவில்லை. பங்குச்சாமியார் பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். எனக்கு அந்த அமைதி பொறுக்கவில்லை. எழுந்து போய் வாசித்தேன்.

என் குரல் ஸ்பீக்கர் வழியாகப் பின்சுவர் வரை போய்த் திரும்பி வந்தது. அது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான். பக்தி எல்லாம் பின்னால் வந்தது. முதலில் வந்தது, எனக்கு இப்படி ஒரு குரல் இருக்கிறதா என்கிற ஆச்சரியம். மறுநாளும் அந்த டீச்சர் வரவில்லை. மூன்றாம் நாள் கோயில்பிள்ளையே புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டார். கோவிலைத் திறந்து மூடுவது, மணி அடிப்பது, பூசைச் சாமான்களை எடுத்து வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. முப்பது வருஷமாக அதைச் செய்துவந்தார். ஒரு வேலைக்கு ஆள் சிக்கினால் விடமாட்டார்.

முந்தின நாள் சாயங்காலமே அறையில் உட்கார்ந்து வாசகத்தைச் சத்தமாக வாசித்துப் பழகுவேன். எங்கே நிறுத்துவது, எங்கே மூச்சு வாங்குவது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொள்வேன். ஒரு நாள் அப்படி வாசித்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்கார அம்மா மேலே வந்தார். கையில் இரண்டு டம்ளர் காபி. விருந்தாளி யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாராம். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் இரண்டையும் வைத்துவிட்டுப் போனார். இரண்டையும் நானே குடித்தேன்.

அன்பியம் என்று தெருவுக்குத் தெரு குடும்பங்களைச் சேர்த்துக் கூட்டம் நடத்துவார்கள். எங்கள் தெரு அன்பியத்துத் தலைவியம்மாள் ஒரு நாள் படிவத்தோடு வந்தார். முதல் வரி, குடும்பத் தலைவர் பெயர். "ஐயா இல்லீங்களா?" என்றார். இல்லை என்றேன். "பசங்க?" என்றார். அதுவும் இல்லை என்றேன். பேனாவை மூடிவிட்டார். "சரி டீச்சர், அப்பறமா வந்து எழுதிக்கறேன்" என்று போனவர் திரும்பி வரவேயில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

நவம்பர் மாதம் எங்களுக்கு இறந்தவர்களின் மாதம். கோவில் வாசலில் ஒரு பெட்டி வைத்துவிடுவார்கள். தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களைச் சீட்டில் எழுதி எல்லாரும் அதில் போடுவார்கள். மேலே இன்னார் குடும்பத்தார் என்று இருக்கும், கீழே வரிசையாகப் பெயர்கள். பூசை தொடங்குவதற்கு முன் அந்தச் சீட்டுகளை மைக்கில் வாசிக்க வேண்டும். ஒவ்வொரு சீட்டும் முடிந்ததும் ஜனங்கள் சேர்ந்து, இவர்களுக்கு நித்திய இளைப்பாற்றி அளித்தருளும் என்பார்கள். தினமும் ஐம்பது பெயருக்குக் குறையாது. சாமியார் ஐந்து நிமிடத்தில் முடிக்கச் சொல்லியிருந்தார். நான் ரயில் வேகத்தில் வாசித்தேன்.

முதல் வருஷம், மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, பூசை முடிந்து வெளியே வந்தபோது ஒரு பெரியவர் வழிமறித்தார். பக்கவாசலை ஒட்டிய கடைசி பெஞ்சில் தினமும் உட்காருகிறவர். இஸ்திரி போட்ட வெள்ளை முழுக்கைச் சட்டை, மடிப்பு கலையாத பேண்ட். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சிப்பாய், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. மனைவி இறந்துவிட்டாள், ஒரே மகள் பிரான்சில். பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி எல்லாரும் அவரை முசே என்பார்கள்; அவருக்குக் கல்யாணமாகாத பெண்கள் எல்லாரும் மத்மசேல்.

"மத்மசேல், நீங்க வாசிக்கிறது செத்தவங்க பேரா, இல்ல பஸ் போற ரூட்டா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "சாமியார் அஞ்சு நிமிஷத்துல முடிக்கச் சொல்றாரு முசே."

"செத்தவங்களுக்கு என்னா அவசரம்? நான் ஒரு வூட்டை எழுதி முடிக்கறதுக்குள்ள நீங்க நாலு வூடு தாண்டிப் போயிட்றீங்க."

கையில் இருந்த சின்ன நோட்டைக் காட்டினார். நான் வாசிக்கிற பெயர்களை எல்லாம் பென்சிலால் எழுதிக்கொள்கிறாராம். வீட்டில் ஜெபமாலை சொல்லும்போது ஒரு மணிக்கு ஒரு பெயர் என்று உருட்டுவாராம். வேறு வேலை ஒன்றும் இல்லை என்றார். அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை.

மறுநாள் கொஞ்சம் வீம்பாகத்தான் மெதுவாக வாசித்தேன். ஒரு பெயர் சொல்வேன், நிமிர்ந்து கடைசி பெஞ்சைப் பார்ப்பேன். அவர் குனிந்து எழுதுவார், தலை நிமிரும். அடுத்த பெயர். அன்றைக்குப் பூசை ஏழு நிமிடம் தாமதம். சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார். கோயில்பிள்ளை இருமினார். அடுத்த நாளும் அப்படியேதான் வாசித்தேன். வீம்பு போய்விட்டது, வேகம் மட்டும் திரும்பவில்லை. அந்தக் கோவிலில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் சொல்வதை ஒருத்தர் கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை மாதம் வாசித்ததில் எனக்கு அது புதிதாக இருந்தது.

அந்த நவம்பர் நடுவில் எனக்குச் சிக்குன்குனியா வந்தது. அந்த வருஷம் ஊரெல்லாம் அதுதான். கை கால் மூட்டெல்லாம் வீங்கி, எழுந்து கதவைத் திறக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. வீட்டுக்கார அம்மா இரண்டு நாள் கஞ்சி கொண்டுவந்தார், மூன்றாம் நாள் அவரும் படுத்துவிட்டார். ஒன்பது நாள் படுக்கையில் கிடந்தேன். யாராவது வருவார்கள் என்று முதல் நான்கு நாள் காத்திருந்தேன். தினமும் காலையில் மைக் முன்னால் நிற்கிற ஒருத்தி திடீரென்று காணோம் என்றால் தேடமாட்டார்களா? ஐந்தாம் நாளிலிருந்து காத்திருப்பதை நிறுத்திவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். ஒன்பது நாளும் படியில் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பத்தாம் நாள் சுவரைப் பிடித்துப் பிடித்துக் கோவிலுக்குப் போனேன். கோயில்பிள்ளை என்னைப் பார்த்ததும், "என்னா டீச்சர், ஊருக்குப் போயிருந்தீங்களா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் சீட்டுக் கட்டைக் கையில் திணித்துவிட்டு மணி அடிக்கப் போய்விட்டார். வரும் வழியில் முசேவும் என்னைப் பார்த்தார். பென்சிலைச் சீவிக்கொண்டே, "நீங்க இல்லாதப்ப வாசிச்சுதே ஒரு அம்மா, அது உங்களுக்கு மேல வேகம்" என்றார். விசாரிப்பு அவ்வளவுதான்.

பீடத்துக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து சீட்டுகளை அடுக்கினேன். விரல் மடங்கவில்லை. இன்னார் குடும்பத்தார், இன்னார் குடும்பத்தார் என்று ஒவ்வொரு சீட்டிலும் இருந்தது. இந்தக் காய்ச்சலில் நான் போயிருந்தால் அடுத்த நவம்பருக்கு என் பெயரை யார் எழுதிப் பெட்டியில் போட்டிருப்பார்கள் என்று ஒரு கேள்வி வந்தது. வந்த கேள்வியை விடாமல் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். சித்தப்பா பிள்ளைகளுக்குச் சேதியே போய்ச் சேர்ந்திருக்காது. வீட்டுக்கார அம்மா நல்லவர், ஆனால் அவர் வீட்டு வழக்கம் வேறு, இந்தப் பெட்டி எல்லாம் அவருக்குத் தெரியாது. கம்பெனியில் என் ஸ்டூலில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். அவ்வளவுதான், ஆட்கள் தீர்ந்துபோனார்கள். வருத்தம் வரவில்லை. பொல்லாத ஆத்திரம் வந்தது.

பழைய அறிவிப்புத் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கம் என் பெயரை எழுதினேன். மேலே குடும்பத்தார் பெயர் இருக்க வேண்டிய இடத்தைச் சும்மா விட்டேன். சீட்டுக் கட்டின் கடைசியில் வைத்தேன். செத்தவர்களோடு என் பெயரையும் நானே வாசிக்கிறேன், ஒரு தலையாவது திரும்புகிறதா பார்க்கிறேன் என்று கிளம்பினேன். பைத்தியக்காரத்தனம்தான். ஒன்பது நாள் தனியாகக் கிடந்தவளுக்கு அது நியாயமாகப் பட்டது.

வாசித்தேன். கடைசியாக என் பெயரைச் சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். ஒரு தலையும் திரும்பவில்லை. முன் பெஞ்சில் ஒரு அம்மாள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார். யாருடைய செல்போனோ அடித்து அடங்கியது. நித்திய இளைப்பாற்றி அளித்தருளும் என்று எல்லாரும் தூக்கக் குரலில் சொல்லி முடித்தார்கள். எப்படித் திரும்பும்? அது டீச்சருடைய பெயர் என்று அவர்களில் யாருக்குத் தெரியும்? கடைசி பெஞ்சில் ஒருத்தர் மட்டும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்ததும் அவர் காத்திருந்தார்.

"கடைசி சீட்டுல குடும்பத்தார் பேரை வாசிக்காம வுட்டுட்டீங்க" என்றார்.

"எழுதல முசே."

"யாரு அவங்க?"

"எனக்குத் தெரிஞ்சவங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

"ஜனம் யாருமே இல்லியா?"

"இல்ல."

நோட்டைத் திறந்தார். "பட்டாளத்துல இருந்தப்போ பேரே தெரியாம எத்தினியோ பேரைப் பொதைச்சிருக்கோம்" என்றார். "பேரு தெரிஞ்சும் ஆளில்லன்னா நல்லா இல்ல. எங்க வூட்டோட சேத்துக்கறேன். எங்க வூட்டம்மா பேருக்குக் கீழ எழுதிக்கறேன், துணையா இருக்கும்."

என் கண் எதிரில், பாதாம் மரத்தடியில் நின்றுகொண்டு, அவர் மனைவி பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினார். அது நான்தான் முசே என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நாக்கு எழவில்லை. தினமும் மைக்கில் பேசுகிற நாக்கு.

அவருக்கு உண்மை தெரிந்தே செய்தார் என்று இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் நினைப்பதுண்டு. தெரியாது. அவர் அப்படி நெளிவு சுளிவான ஆள் இல்லை. என்னை மத்மசேல் என்று கூப்பிட்டுப் பழகியவர், மற்றவர்களைப் போலவே அவரும் என் பெயரைக் கேட்டதில்லை.

நவம்பர் முடிந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. மற்றப் பெயர்கள் அந்த மாதத்தோடு சரி, வீட்டு ஆட்களின் பெயர் வருஷம் முழுக்க. இப்போது நான் வீட்டு ஆள். எப்போதாவது பக்கவாசலில் பார்த்தால், "உங்க ஆளுக்கு நேத்தும் வேண்டிக்கினேன்" என்பார். சரி முசே என்பேன். ஒரு நாள், "எப்டி செத்தாங்க?" என்று கேட்டார்.

"சிக்குன்குனியா."

"அதுல சாவாங்களா?"

"தனியா இருந்தாங்க" என்றேன்.

தலையை ஆட்டினார். "வயசு?"

"நாப்பத்து மூணு."

"சின்ன வயசாச்சே" என்றார். உச்சுக் கொட்டினார். அவர் முகம் நிஜமாகவே வாடிப்போயிற்று. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருமுனை வரை போய், அதற்கு மேல் முடியாமல் ஒரு சுவரோரம் நின்று அழுதேன். எனக்காக யாரோ வருத்தப்பட்டார்கள். எனக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கூடவே, ஏமாற்றி வாங்கிக்கொண்டோமே என்கிற கூச்சமும் இருந்தது.

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். கிராதிக்கு அந்தப் பக்கம் சாமியார் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பின்னால் வரிசை நீளமாக இருந்தது. "உயிரோட இருக்கிற ஒருத்தங்க பேரை செத்தவங்க பேரோட சேத்து வாசிச்சிட்டேன் சாமி, தெரிஞ்சேதான் வாசிச்சேன்" என்றேன்.

அவர் கொஞ்சம் அசந்துபோனார் என்று நினைக்கிறேன். "அவங்க மேல ஏதாவது கோவமா?" என்றார்.

"ஆமா சாமி."

"இது பெரிய தப்பும்மா. அவங்க குடும்பத்துக்குத் தெரிஞ்சா எவ்வளவு வேதனைப்படுவாங்க? முதல்ல அவங்க வீட்டுக்குப் போயி, வீட்டு ஆளுங்ககிட்ட மன்னிப்புக் கேளுங்க. அதான் உங்களுக்குப் பரிகாரம்."

சரி என்று எழுந்து வந்தேன். சொன்னபடி அந்த வீட்டுக்கும் போனேன். பூட்டைத் திறந்தேன். கட்டில், ஸ்டவ், கொடியில் காலையில் போட்ட துண்டு. யாரிடம் கேட்பது? சிரிப்புத்தான் வந்தது, ஆனால் அந்தச் சிரிப்பைக் கேட்கவும் ஆள் இல்லாததால் சீக்கிரமே நின்றுவிட்டது.

அந்தப் பெயருக்குக் குடும்பம் என்று ஒன்று இருந்தால் அது முசேவின் குடும்பம்தான். அப்படியானால் அவரிடம்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஈஸ்டருக்குள் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ஈஸ்டர் போயிற்று. மாதாவுக்கு உரிய மே மாதம் போயிற்று. ஆகஸ்டில் திருவிழாவும் போயிற்று. ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு. அவருக்குச் சளி பிடித்திருந்தது, நான் ஷிஃப்டுக்கு அவசரமாகப் போனேன், பக்கத்தில் ஆள் இருந்தது. எல்லாம் சாக்குத்தான். உண்மையான காரணம் ஒன்றே ஒன்று. சொன்னால் பென்சிலை எடுத்து அந்தப் பெயரை அடித்துவிடுவார். உயிரோடு குத்துக்கல்லாட்டம் நிற்கிறவளுக்காகத் தினமும் யார் மணி உருட்டுவார்கள்?

அந்த அக்டோபரில் கம்பெனியில் மூன்று வாரம் விடிகாலை ஷிஃப்ட் போட்டுவிட்டார்கள். ஐந்தரைக்கே உள்ளே இருக்க வேண்டும், பூசைக்கு வர வழியில்லை. ஷிஃப்ட் மாறித் திரும்பி வந்த அன்று மைக் முன்னால் நின்று பழக்கதோஷத்தில் கடைசி பெஞ்சைப் பார்த்தேன். ஆள் இல்லை. மறுநாளும் இல்லை. கோயில்பிள்ளையிடம் கேட்டேன்.

"முசேவா? அவரு பொண்ணு வந்து பிரான்சுக்கே கூட்டிக்கினு போயிடுச்சே டீச்சர். இனிமே தனியா வுட முடியாதுன்னு சொல்லிடுச்சு. வூட்டைக் கூட விக்கப் போறாங்களாம்."

"விலாசம் இருக்கா?"

"பாரீசுக்குப் பக்கத்துல ஏதோ ஊருன்னாங்க. வாயில நுழையல." மெழுகுவர்த்தித் தாங்கியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "போறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு நாளு உங்களத் தேடினாரு. மத்மசேல் வூடு எங்கன்னாரு. எனக்குத் தெரிஞ்சாத்தானே சொல்லுவேன்? பேரைச் சொன்னாலாவது நாலு பேரைக் கேக்கலாம், பேரு என்னா முசேன்னேன். அதுவும் தெரியலன்னுட்டாரு."

பேரு தெரியலன்னுட்டாரு. பதினோரு மாதமாகத் தினமும் சொல்லி வேண்டிக்கொண்ட பெயர். சட்டைப்பையில் நோட்டு, நோட்டில் அந்தப் பெயர். அதோடு அவர் இங்கே நின்று, பெயர் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நான் ஒரே ஒரு நாள் வாயைத் திறந்திருந்தால் போதும். அன்றைக்கு வாசகத்தில் இரண்டு இடத்தில் தப்பாக வாசித்தேன். யாரும் கவனிக்கவில்லை.

நவம்பர் பிறந்தது. இரண்டாம் தேதி, இறந்தோர் அனைவரின் நினைவு நாள், விடியும் முன்பே வந்து சீட்டுகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். நடுவில் நோட்டிலிருந்து நேர்த்தியாகக் கிழித்த ஒரு தாள் வந்தது. பென்சில் எழுத்து. கிளம்புவதற்கு முன்பே கோயில்பிள்ளையிடம் கொடுத்துப் பெட்டியில் போடச் சொல்லியிருக்கிறார். மேலே அவர் குடும்பத்தார் என்று இருந்தது. கீழே முதல் பெயர் அவர் மனைவியுடையது. இரண்டாவது என்னுடையது. அதற்குக் கீழே அவருடைய அண்ணன்கள் இருவர்.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுபடியும் வாசித்தால் மறுபடியும் பாவம். போன தடவைக்கே பரிகாரம் பாக்கி. அந்த ஒரு பெயரை மட்டும் விட்டுவிட்டு வாசிக்கலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் நான் செத்தால் என் பெயரை யார் எழுதிப் போடுவார்கள் என்று போன வருஷம் இதே அறையில் உட்கார்ந்து கேட்டேனே, அதற்குப் பதில் என் கையில் இருந்தது. ஒருத்தர் எழுதிப் போட்டிருக்கிறார். ஊரை விட்டே போகிற அவசரத்திலும், பெட்டி கட்டுகிற நேரத்திலும், மறக்காமல் தன் வீட்டு ஆட்களோடு சேர்த்து எழுதிப் போட்டிருக்கிறார். எப்படி விடுவது? மணி அடித்தது.

வாசித்தேன். அவர் குடும்பத்தார் சீட்டு வந்ததும் குரல் கொஞ்சம் இறங்கியது. மனைவி பெயரைச் சொல்லிவிட்டு நிமிர்ந்தேன், அவர் எழுதி முடிக்கிற அளவுக்கு நேரம் விட்டேன். கடைசி பெஞ்ச் காலியாக இருந்தது. என் பெயரைச் சொன்னேன். மறுபடி நிமிர்ந்தேன், மறுபடி நேரம் விட்டேன். சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்கட்டும். சீட்டு முடிந்ததும் ஜனங்கள் நித்திய இளைப்பாற்றி அளித்தருளும் என்றார்கள். வாசிக்கிறவள் அதைச் சொல்வது வழக்கமில்லை, அன்றைக்கு நானும் சேர்ந்து சொன்னேன்.

பூசை முடிந்து சீட்டுகளைத் திருப்பிக் கொடுத்தேன். கோயில்பிள்ளை வாங்கிக்கொண்டு, முசேவின் தாளை மட்டும் தனியாக எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"என்னா டீச்சர், முசே வூட்டு லிஸ்ட்ல புதுசா ஒரு பேரு வாசிச்சீங்க? அவரு வூட்டுல எனக்குத் தெரியாம யாரு செத்தது? எல்லா அடக்கத்துக்கும் நான்தான மணி அடிச்சேன்."

"அவரு வூட்டுப் பொண்ணு" என்றேன்.

"அவருக்கு ஒரே பொண்ணுதான? அதான் வந்து கூட்டிக்கினு போச்சே."

"இன்னொண்ணு இருக்கு."

அவர் தாளிலிருந்து தலையை எடுத்து என்னைப் பார்த்தார். இரண்டு வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இருக்கா?" என்றார்.

"இருக்கு" என்றேன்.